பூட்டியிருக்கும் என்று எழுதிய மண்டபம்

அய்யா,

போன வாரம் அம்மா மாமாவிடம் சுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். மார்கழி பிறந்தால் எனக்குத் தொண்டை கட்டும் என்பது அவளுக்குத் தெரியும். யுத்தம் வந்ததிலிருந்து காகிதம் கிடைப்பது அரிதாகிவிட்டதால், வீட்டில் அகப்பட்ட ஏதோ ஒரு தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளையில் பொட்டலத்தைப் பிரித்தேன். சுக்கின் நெடி மூக்கில் ஏறியது. அப்புறம் என் கையெழுத்து தெரிந்தது.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எதில் சுற்றினோம் என்று அவளுக்குத் தெரிய நியாயமில்லை. உங்கள் பூச்சுக் கரண்டியும் தூக்குக்குண்டும் கிடக்கும் சாக்குப்பையிலிருந்து எடுத்திருப்பாள். நாலாக மடித்த முழுத்தாள். மடிப்புகளில் சுண்ணாம்பு ஏறி வெள்ளைக் கோடாக நிற்கிறது. "முதல் நாள், திங்கட்கிழமை. காலை முதல் பஸ். கம்பளியை மறக்க வேண்டாம்" என்று ஆரம்பிக்கிறது. நீங்கள் தனியாக மதுரைக்கு வந்து நான்கு நாள் கட்டடம் பார்ப்பதற்கு நான் எழுதிக் கொடுத்த திட்டம் அது.

ஒவ்வொரு இடத்தின் பெயருக்குப் பக்கத்திலும் தடித்த பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள். பார்த்து முடித்ததற்கு அடையாளம். கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் கோடு இல்லை. அந்த வரி இதுதான்: "கல்லூரி மண்டபம். மராமத்து நடக்கிறது. பூட்டியிருக்கும்."

நீங்கள் எங்களை விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகிறது. அந்த வரி பொய் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

கட்டடம் என்றால் உங்களுக்கு அப்படி ஒரு பைத்தியம். மேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நீங்கள் கட்டியதெல்லாம் இரண்டு அறை வீடுகளும் கிணற்றுச் சுவர்களும்தான். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்குமுன் மச்சின் அடிப்பக்கத்தைப் பார்ப்பீர்கள். அத்தை மகளுக்கு வரன் பார்க்கப் போய்வந்த கதையை மாமா வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். "பையன் ஒசரமா, குட்டையான்னு அத்தான்கிட்ட கேட்டா, மாடிப்படி ஒசரத்தச் சொல்லுறாரு. ஒம்பது அங்குலமாம். வயசானவுக ஏறக் கஷ்டமாம்." நீங்களும் கூடவே சிரிப்பீர்கள். பிறகு, "ஒம்பது அங்குலம் சாஸ்திதான மாப்ள?" என்பீர்கள்.

நான் பி.ஏ. முதல் வருஷம் படித்த அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தேன். சாப்பிட்டு முடித்து எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"மார்கழியில யாரும் வாசக்கால் வைக்க மாட்டாக. மாசம் முச்சூடும் சும்மாதான் கெடப்பேன்" என்று தொடங்கினீர்கள். "மருதைக்குப் போயி நாலு நாளு நின்னு நிதானமா கட்டடம் பாத்துட்டு வாரேன்."

அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "வருசம் பூரா செங்கலும் சுண்ணாம்பும்தான். வேல இல்லாத மாசத்துலயும் அதயேதான் பாக்கணுமாக்கும்" என்றாள்.

"தனியாவா அத்தான்? நானும் கூட வாரேன்" என்றார் மாமா.

"நீ வேணாம் மாப்ள. ஒன்னயக் கூட்டிப்போனா காப்பிக் கிளப்பத்தான் பாக்கணும்."

மதுரை உங்களுக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் பின்னால் வருகிறவன் தள்ளிவிடுவான் என்பீர்கள். தனியாக, வெயில் ஏறாத குளிர்காலத்தில், யாரும் அவசரப்படுத்தாமல் பார்க்க வேண்டும் என்பது உங்கள் வெகுநாள் ஆசை.

"நீதான் படிச்ச புள்ள" என்று என் பக்கம் திரும்பினீர்கள். "எத மொதல்ல பாக்குறது, எதுக்கு எம்புட்டு நேரம் ஆகும், எங்க தங்குறதுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு ஆத்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிருவேன். கடைசி நாளு ஒன் காலேசு மண்டபத்தப் பாக்கணும். நடுவுல தூணே இல்லன்னு எழுதியிருந்தியே. அம்புட்டு அகலம் எப்படி நிக்கிதுன்னு பாக்கணும்."

கல்லூரியில் சேர்ந்த புதிதில், வீட்டு ஞாபகத்தில் அழுதுகொண்டே எழுதிய கடிதம் அது. உங்களுக்குப் பிடிக்குமே என்று அந்த மண்டபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அந்தக் கடிதத்தை நீங்கள் வேலை நடக்கிற இடமெல்லாம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாள். அன்று முற்றத்தில் அதுவே என்னிடம் திரும்பி வந்தபோது, உங்களை எப்படியாவது தடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

காரணத்தைச் சொல்கிறேன். அது ஆண்கள் படிக்கிற கல்லூரி. பெண்கள் நாங்கள் ஒன்பது பேர்தான். முதல் நாள் ஆபீஸில் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொருத்தியிடமும் தகப்பனார் என்ன வேலை என்று குமாஸ்தா கேட்டு எழுதினார். எனக்கு முன்னால் நின்றவள் தாசில்தார் என்றாள். அவளுக்கு முன்னால் நின்ற எஸ்தர், ஹைஸ்கூல் உபாத்தியாயர் என்றாள். என் முறை வந்தது. கான்ட்ராக்டர் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்தவும் இல்லை. விடுதியில் எஸ்தர் என் பக்கத்துக் கட்டில். "உங்கப்பா பெரிய பெரிய பங்களாவெல்லாம் கட்டுவாரா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வாயால் சொன்ன பொய் ஒன்று. தலையாட்டிச் சொன்ன பொய்கள் எத்தனையோ.

நீங்கள் மண்டபம் பார்க்க வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காலில் செருப்பு இருக்காது. நகக்கண்ணில் சுண்ணாம்பு இருக்கும். சுவரை விரலால் தட்டிப் பார்ப்பீர்கள். என் பெயரைச் சொல்லி, என் மகள் என்று எல்லாரிடமும் சொல்லுவீர்கள்.

"மண்டபத்துல மராமத்து நடக்கப்போகுது அய்யா. மார்கழி பூரா பூட்டியிருக்கும்" என்றேன்.

"என்ன மராமத்து? ஒழுகுதா?"

"தெரியல அய்யா."

"ஓடா, தளமா?"

"ஓடு."

"மரச்சட்டம் எதும் உளுத்துருச்சோ என்னமோ." உங்கள் முகத்தில் உண்மையாகவே கவலை வந்துவிட்டது. "அகல மண்டபம். ஒரு சட்டம் போனாலும் பக்கத்துச் சட்டத்துக்குப் பாரம் சாஸ்தி. நல்ல ஆளா வச்சுப் பாக்கச் சொல்லு ஆத்தா."

கொத்தனாரிடமே மராமத்து என்று பொய் சொன்ன மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அது எவ்வளவு முட்டாள்தனமான பொய் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

விடுதியில் பெற்றோரைப் பார்க்கச் சனிக்கிழமை மட்டும்தான் விடுவார்கள். அது உண்மை. அந்த உண்மையையும் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். திட்டத்தைத் திங்கள் முதல் வியாழன் வரை போட்டேன்.

விடுதிக்குத் திரும்பிய பிறகு அந்தத் தாளுக்கு உழைத்ததுபோல் எந்தப் பரீட்சைக்கும் உழைத்ததில்லை. சரித்திரப் பேராசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டேன். விடுதிக்குப் பொறுப்பான அம்மாவோடு கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் எந்த இடத்தில் எந்த நேரத்தில் வெளிச்சம் விழுகிறது என்று பார்த்தேன். மஹாலில் கோர்ட்டு நடப்பதால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனால் கூட்டம் குறைவு என்று எழுதினேன். கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்கு விடியற்காலை வேண்டாம், மார்கழிப் பூஜைக் கூட்டம் கலைந்த பிறகு போகலாம் என்று எழுதினேன். புதுமண்டபத்தில் தையற்காரர்களும் பாத்திரக்கடைக்காரர்களும் தூண்களை மறைத்திருப்பார்கள், கடை திறக்குமுன் பார்க்கவும் என்று எழுதினேன். வைகைக் கல்பாலத்தை மேலே நடந்து பார்த்தால் போதாது, ஆற்று மணலில் இறங்கிக் கீழிருந்து வளைவுகளைப் பார்க்கவும் என்று எழுதினேன். தெப்பக்குளம், ரயில் நிலையம், பெரிய மாதாகோயில், திருப்பரங்குன்றத்துக் குகை எல்லாம் இருந்தது. சத்திரத்தில் எந்தப் பக்கத்து அறையில் பனிக்காற்று வராது என்பதுகூட இருந்தது.

அதில் ஒரு பங்கு உங்கள்மேல் உள்ள பிரியம். அதை நான் மறுக்க மாட்டேன். மீதிப் பங்கை இப்போது தாளைப் பார்த்தாலே தெரிகிறது. நான்கு நாளையும் ஒரு நாழிகைகூட மிஞ்சாதபடி நிரப்பியிருக்கிறேன். உங்களுக்கு நேரம் மிஞ்சினால் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை திருப்பரங்குன்றம், மாலை நாலரைக்கு மேலூர் பஸ் என்று முடித்து, அதன் கீழே அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

அந்த நான்கு நாளும் வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது மஹாலில் இருப்பார், இப்போது பாலத்தடியில் நிற்பார் என்று மணியைப் பார்த்துப் பார்த்து உங்கள் கூடவே நடந்தேன். சொந்த ஊர் மனுஷரை, பெற்ற தகப்பனை, ஒரு மைல் தூரத்தில் வைத்துக்கொண்டு மனசுக்குள் வழி நடத்திக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும். அடுத்த வகுப்பு வாத்தியார் வரவில்லை. நாங்கள் நாலைந்து பெண்கள் மாடித் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். எஸ்தர்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், அங்க பாருங்கடி. அந்த ஆளு ரொம்ப நேரமா நம்ம கட்டடத்த அளந்துக்கிட்டு நிக்கிறாரு. விலைக்கு வாங்கப் போறாரோ?"

கேட்டுக்கு எதிரே, சாலைக்கு அப்பால் நின்றிருந்தீர்கள். கம்பளியை மடித்துத் தோளில் போட்டிருந்தீர்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி மண்டபத்தின் அகலத்தை அளந்துகொண்டிருந்தீர்கள். பிறகு கையை இறக்கினீர்கள். பார்வை சுவர் ஓரமாகவே ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போயிற்று. மறுபடியும் திரும்பி வந்தது. எதையோ தேடுவதுபோல் இருந்தது. என்ன தேடினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. சாரத்தைத் தேடினீர்கள். மராமத்து நடக்கிற கட்டடத்தில் சாரம் கட்டியிருக்க வேண்டும். மணல் குவிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புத் தொட்டி இருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. கேட் விரியத் திறந்து கிடந்தது. மண்டபத்துக் கதவும் திறந்துதான் கிடந்தது.

பெண்கள் சிரித்தார்கள். எஸ்தர் என் தோளில் இடித்து, "உங்கப்பா அனுப்புன ஆளா இருக்குமோ, கான்ட்ராக்டர் மகளே?" என்றாள்.

அப்போதுகூட அவள் எனக்கு ஒரு வழி விட்டாள். ஆமாம் என்று பாதி உண்மையையாவது சொல்லிக் கீழே இறங்கியிருக்கலாம்.

"இருக்காது. யாரோ கொத்தனாரு" என்றேன்.

உங்கள் தொழிலை அந்தக் கல்லூரியில் நான் உள்ளபடி சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நீங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தீர்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்ப எட்டிப் பார்த்தபோது கேட் காவல்காரரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். மடியிலிருந்து தாளை எடுத்தீர்கள். விரித்து அவரிடம் காட்டினீர்கள். மறுபடி மடித்துச் செருகிக்கொண்டு பாலத்துப் பக்கமாக நடந்துவிட்டீர்கள். உங்கள் நடையில் வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நடை.

சாயங்காலம் விடுதிக்குப் போகும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் காவல்காரரிடம் கேட்டேன், வந்தது யார் என்று.

"யாரோ மேலூர்ப் பக்கத்து ஆளும்மா. மண்டபத்துல என்ன மராமத்துன்னு கேட்டாரு. மராமத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல, வேணும்னா உள்ள போயிப் பாருங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"மவ எழுதிக் குடுத்திருக்காம், பூட்டியிருக்கும்னு. தாளக் காட்டுறாரு. அப்பப் பூட்டித்தான் இருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்ன மனுசனோ. தெறந்த கதவு எதுக்க நின்னுக்கிட்டுப் பூட்டியிருக்குங்கிறாரு."

"மகள் யாருன்னு சொன்னாரா?"

"கேட்டேன். இங்க இல்லன்னாரு."

காவல்காரருக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. நானும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வர எனக்குக் கால் எழவில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை. நீங்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வந்த அன்று சாயங்காலமே மாமா உங்களைக் கதை சொல்ல வைத்தார். மஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கோர்ட்டு டவாலி வந்து எந்தக் கேஸ் என்று கேட்டானாம். "கேசு இல்லீங்க, மேல பாக்க வந்தேன்னேன். மேல் கோர்ட்டு மெட்ராசுல இருக்கு, அங்க போங்கிறான்" என்று நீங்கள் சொன்னதும் அம்மாகூடச் சிரித்தாள். பாலத்தடியில் வளைவு ஒவ்வொன்றையும் எண்ணியதையும், திருப்பரங்குன்றத்துக் குகையில் ஒரே பாறையைக் குடைந்து தூண் விட்டிருப்பதையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னீர்கள். "நம்ம கல்ல அடுக்கி எடம் உண்டாக்குறோம். அவன் கல்ல எடுத்து எடம் உண்டாக்கியிருக்கான்" என்றீர்கள். கடைசி நாள் பஸ்ஸுக்குமுன் ஒரு மணி நேரம் சேர்ப்பதற்காக, இருட்டோடு எழுந்து திருப்பரங்குன்றம் போய், மத்தியானம் சாப்பிடாமல் திரும்பியதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். எதற்காக அந்த ஒரு மணி நேரம் என்று சொல்லவில்லை.

மாமாதான் கேட்டார். "புள்ளையோட காலேசப் பாத்தீகளா அத்தான்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போனேன் மாப்ள. வெளிய நின்னு பாத்தேன். மராமத்து நடக்குது, உள்ள விட மாட்டாக. சுத்திச் சவுக்குச் சாரம் கட்டியிருக்கான். நல்ல கட்டு. மூணு அடுக்கு. கயித்த நனைச்சுக் கட்டியிருக்கான், அதான் அசையாம நிக்கிது. ஓட்டப் பிரிச்சுக் கீழ அடுக்கியிருக்கு. பெரிய வேல. இன்னும் மாசம் ஆகும்."

நீங்கள் பொய் சொல்லி நான் கேட்டது அதற்குமுன் இல்லை. சுவரில் ஒரு கல் கோணினால் பிரித்துவிட்டுத் திரும்ப வைக்கிற மனுஷர். இல்லாத சாரத்தை அடுக்கடுக்காகக் கட்டினீர்கள். கயிற்றை நனைத்தீர்கள். நான் உளறிய ஒரு பொய் விழுந்துவிடாமல் இருக்க, உங்களுக்குத் தெரிந்த தொழிலையெல்லாம் அதற்கு முட்டுக் கொடுத்தீர்கள். சொல்லும்போது ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அழுதிருந்தால் சொல்லியிருப்பேன். அதனால்தான் நீங்கள் பார்க்கவில்லை என்று சில சமயம் நினைக்கிறேன். வேறு சில சமயம், பார்க்கப் பிடிக்காமல்தான் பார்க்கவில்லை என்றும் நினைக்கிறேன்.

விடுமுறை முடிந்து திரும்பும் வரை தினமும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. கிணற்றடியில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, பஸ்ஸுக்குக் கூட நடந்து வந்தபோது. மேலூர் வரை என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். மதுரை வரை வருகிறேன் என்று நீங்கள் சொல்லவில்லை. வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம், நான் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கும்போது, மாசியில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தந்தி கிடைத்து வந்தேன். பேச்சுக்குப் பேச்சு மூச்சு வாங்கியது. பரீட்சை எப்போது என்று கேட்டீர்கள். சொன்னேன். அப்புறம், "மராமத்து முடிஞ்சிருச்சா ஆத்தா?" என்றீர்கள்.

அய்யா, அது கேள்வியா, எனக்குத் திறந்துவிட்ட கதவா என்று இத்தனை நாளும் யோசித்துவிட்டேன். நாக்கு நுனிவரை வந்தது. அறையில் அம்மா இருந்தாள், மாமா இருந்தார், வைத்தியர் இருந்தார்.

"முடிஞ்சிருச்சு அய்யா" என்றேன்.

"அப்ப ஒரு நாளு வாரேன்."

நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

பரீட்சை எழுதித் தேறினேன். ஊரில் முதல் பட்டதாரி என்று மாமா மேலூரில் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பட்டம் வாங்கிய பிறகு ஒரு நாள் கல்லூரிக்குப் போய், மண்டபத்துக் கூரையைப் பற்றி அங்கே வேலை பார்த்த வயதான மேஸ்திரியிடம் கேட்டேன். மேலே பலகைக்குப் பின்னால் இரண்டு சுவரையும் இழுத்துப் பிடித்தபடி இரும்புக் கம்பிகள் ஓடுகின்றனவாம். சுவர் வெளியே சாய்ந்துவிடாமல் அவைதான் காக்கின்றனவாம். ஏணி வைத்துக் காட்டவும் செய்தார். நீங்கள் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பீர்கள். ஐந்து நிமிஷம்தான் அய்யா. அதற்கு மேல் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன பிறகு உபாத்தியாயர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டேன். அதில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் இருந்தது. பழைய சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, காலஞ்சென்ற என்று போட்டு, பக்கத்தில் கான்ட்ராக்டர் என்று எழுதினேன். நீங்கள் வந்து நிற்க முடியாத இடத்திலும் உங்களை மறைத்தேன்.

முந்தாநாள் பஸ் நிலையத்தில் எஸ்தரைப் பார்த்தேன். கல்யாணமாகித் திண்டுக்கல்லில் இருக்கிறாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. கையில் குழந்தை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினாள். தாள் கையில் கிடைத்து அப்போது நான்கு நாள்தான் ஆகியிருந்தது. இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. யாருடைய சிரிப்புக்குப் பயந்து அன்று அப்படிச் சொன்னேனோ, அவளிடமே சொல்லிவிடலாம்.

"எஸ்தர், அன்னிக்கு ஒரு நாள் கேட்டுக்கு எதுத்தாப்ல ஒருத்தர் நின்னு நம்ம மண்டபத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

"எந்த ஆளு?"

"கட்டைவிரல நீட்டி அளந்தாரு. விலைக்கு வாங்கப் போறாரோன்னு நீகூடக் கேட்டியே."

"நானா? அப்படியா கேட்டேன்?" அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு யோசித்தாள். "சுத்தமா ஞாபகம் இல்ல புள்ள. எம்புட்டோ பேரு வருவாக, போவாக."

"அது எங்கய்யா."

அவளுக்குப் புரியவில்லை என்று தெரிந்தது.

"எங்கய்யா கான்ட்ராக்டர் இல்ல எஸ்தர். கொத்தனாரு."

"சரி" என்றாள். "அதுக்கென்ன?"

மனசாரத்தான் சொன்னாள். அதற்குள் கண்டக்டர் திண்டுக்கல் திண்டுக்கல் என்று கூப்பிட, குழந்தையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஒரு தடவை வீட்டுக்கு வா என்றாள். நான் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

பஸ் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றேன் அய்யா. நான் யார் யார் கண்ணில் நீங்கள் பட்டுவிடக் கூடாது என்று பயந்தேனோ, அவர்கள் ஒருவரும் உங்களைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அந்தச் சாயங்காலமே மறந்துவிட்டார்கள். தோளில் மடித்த கம்பளியையும், மூடிய ஒற்றைக் கண்ணையும், சுவரோரமாகச் சாரத்தைத் தேடி இரண்டு தடவை போய் வந்த அந்தப் பார்வையையும் பார்த்தவள் தூணுக்குப் பின்னால் நின்றவள் ஒருத்திதான். அது அவளிடம்தான் இருக்கிறது.